படத்துக்குக் கீழே இரண்டு வரி

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் படம் வந்த மூன்றாம் நாள் காலையில், தையல்காரியின் வீட்டுக்காரர் முழங்கால் வரை மறைந்துபோனார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறைக்கு நடந்தார். நடக்கிற சத்தம் கேட்டது, கால்தான் தென்படவில்லை. பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த அவர் எதற்கும் அலட்டிக்கொள்கிற மனிதர் அல்ல. குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார். வாடிக்கையாளர்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டைத் திறக்கக் கைதானே வேண்டும்.

படத்தை எடுத்தவர் இருபது வருடமாகத் தெருத்தெருவாகத் திரிந்து படம் எடுப்பவர். ஒரு கண்ணை மூடியே பழகி, கேமரா கையில் இல்லாதபோதும் அதை மூடியே வைத்திருந்ததால் ஒற்றைக்கண்ணர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்குக் கொள்கை ஒன்று உண்டு: தெருவில் எடுக்கிற படம் கதை சொல்லக் கூடாது. ஒரு தோளில் வெயில் விழுகிறது, குறுக்கே கம்பத்தின் நிழல் போகிறது, அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கிறவனுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்பார். படத்தின் பின்பக்கத்தில் தேதி, மணி, தெரு மூன்றையும் தவிர எதுவும் எழுத மாட்டார். இந்தத் தடவை அவர் எடுத்தது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரியை. பக்கத்து இருக்கை காலி. நெற்றியில் கைவைத்துத் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. புதுச் செருப்பு கடித்ததால் கழற்றிப் போட்டிருந்தாள்.

பத்திரிகையில் ஞாயிறு படத்துக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விடுவது வழக்கம். பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து அந்த இடம் காலியாகப் போனதில்லை. அதை நிரப்பும் உதவி ஆசிரியர் முப்பத்தோரு வருடமாக மேசையை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனதில்லை. தெருவைப் பார்த்துவிட்டால் தெருவைப் பற்றி எழுத வராது என்று அவருக்குப் பயம். படத்தைத் திருப்பிப் பார்த்தார். தேதி, மணி, தெரு. இந்த மூன்றுக்கும் கண்ணும் காதும் மூக்கும் வைக்க அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம் போதுமாக இருந்தது. ‘போனவர் இனி வரப்போவதில்லை. அவளுக்கு அது தெரியும். அவள் கண்களுக்குத்தான் தெரியவில்லை’ என்று எழுதினார். ஊரே அழுதது. பல் டாக்டர் ஒருவர் நோயாளியைத் திறந்த வாயோடு நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே போய் அழுதார். கடிதங்கள் மூட்டையாக வந்து இறங்கின.

வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்காரர் இடுப்பு வரை போய்விட்டார். தையல்காரி பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு ஒற்றைக்கண்ணரின் வீட்டுக்குப் போனாள்.

“அவர் காலையில டீ குடிச்சிட்டு, ரெண்டு பன் சாப்பிட்டுட்டுத்தான் கடைக்குப் போனார். அவரை எங்க சார் அனுப்பி வச்சீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. என் படமும் ஒண்ணும் சொல்லல.”

“நீங்க சொல்லாம விட்டீங்க. அதான் யாரோ சொல்லிட்டாங்க.”

இருபது வருடக் கொள்கைக்கு இப்படி ஒரு ஓட்டை இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு பேரும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். உதவி ஆசிரியர் கெட்டவர் இல்லை. கையைப் பிசைந்தார், நாற்காலி போட்டார், மறுநாளே ஒன்பதாம் பக்கத்தில் திருத்தம் போட்டார். அந்தப் பெண் பேருந்துக்குத்தான் காத்திருந்தார், கணவர் நலம் என்பது திருத்தம். வாசகர்கள் நம்பவில்லை. துக்கத்தை மறைத்துக்கொண்டு பேருந்தைச் சாக்குச் சொல்கிறாளே, என்ன மனசு என்று முன்னைவிட அதிகமாக அழுதார்கள். அன்று மாலைக்குள் வீட்டுக்காரருக்கு மார்பும் போய்விட்டது. அந்த வாரமே ஒரு கலைச் சங்கம், கதை சொல்லும் படம் என்று பாராட்டி ஒற்றைக்கண்ணருக்கு முதல் பரிசு அறிவித்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் இரண்டு கண்ணையும் திறந்து ஒரு கடிதத்தைப் படித்தார்.

தையல்காரிக்குப் பயம் வந்தது. பதினாறு வருடம் கூட வாழ்ந்த ஆள், யாரோ எழுதிய இரண்டு வரிக்கு ஈடுகொடுக்க முடியாமல் கரைந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் தலையும் தோளும் மட்டும் உட்கார்ந்து, உப்பு கொஞ்சம் கம்மி என்றது. அவள் எழுந்து உள்ளே போய் அழுதுவிட்டு உப்பு எடுத்து வந்தாள்.

அடுத்த வாரம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதே படத்தைத் திரும்பப் போட வேண்டும், கீழே ஒன்றும் எழுதக் கூடாது. உதவி ஆசிரியருக்கு வேர்த்துவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே அவள் ஓரம் அடிக்க வேண்டிய துணிகளோடு வந்து அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பக்கம் அச்சுக்குப் போகும்வரை அவர் பதினான்கு தடவை பேனாவைத் தொட்டார், பதினான்கு தடவையும் அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“ஒரே ஒரு வார்த்தை. ‘பெண்’னு மட்டும் போடறேன்.”

“வேணாம்.”

“ஒரு புள்ளியாவது...”

“வேணாம் சார்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வரியும் வெள்ளையாக வெளிவந்தன. வீட்டுக்காரர் குளித்துவிட்டு வரும்போது முழுசாக வந்தார். அவள் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. ஒற்றைக்கண்ணருக்கும் மகிழ்ச்சி, கடைசியில் தன் படம் சும்மா இருந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். பரிசுக் குழு மட்டும், கதை இல்லாத படத்துக்குக் கொடுக்க முடியாது என்று அறிவித்த பரிசை ரத்து செய்துவிட்டது.

ஆனால் வெள்ளை இடத்தைப் பார்த்து ஊர் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வீடு படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி, கீழே ஆளுக்கு இரண்டு வரி எழுதத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை வீட்டுக்காரர் இடது காலை நொண்டிக்கொண்டு எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன் இரண்டு வரியில் அவரைக் கப்பலில் ஏற்றி, காலிலும் அடிபட வைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவர் சட்டையில் உப்பு படிந்திருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி பாடகர் என்று எழுதியதால் நான்கு நாள் பாடினார், நன்றாகவே பாடினார். யாரோ கோபத்தில் குடிகாரன் என்று எழுதிவிட, அன்று அவள் அவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். ஒற்றைக்கண்ணர் மனம் வெறுத்து, அதன்பின் சுவர்களை மட்டும் படம் எடுக்கிறார். சுவர்களை நினைத்து அழுதவர்களிடமிருந்தும் அவருக்குக் கடிதம் வருகிறது.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. தையல்காரிக்கு இது பழகிவிட்டது. காலையில் கண் விழித்ததும், “இன்னிக்கு யாருங்க நீங்க?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதற்குத் தகுந்தபடி டீயில் சர்க்கரையைக் கூட்டியோ குறைத்தோ போடுகிறாள். ஊரில் யாருக்குமே எழுதத் தோன்றாத நாட்களும் மாதத்துக்கு ஒன்றிரண்டு வருகின்றன. அன்று அவர் வெறும் பூட்டு ரிப்பேர்காரராக எழுந்து, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, தெரியலையே என்கிறார். அந்த நாட்களில் அவள் மதியத்தோடு தையலை மூடிவிட்டு அவருடைய கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவர் பூட்டைக் கழற்றுகிறார், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொள்ளும்படி அங்கே எதுவும் நடப்பதில்லை.