பூரணி மிஸ்ஸியின் தேத்தண்ணி அடுப்பு

"கொதித்தாறிய நீரையே பருகுங்கள்." திருகோணமலையில் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்த முதல் பதினொரு வருடங்களில் இந்த வசனத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடங்களில் சொன்னேன். கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி பிடித்துச் சொன்னேன். மீன் சந்தை வாசலில் நின்றும் சொன்னேன். சனம் தலையாட்டியது. நானும் நம்பினேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, இந்திய இராணுவம் இங்கே நின்ற காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு பெண் வைத்தியர் ஆராய்ச்சி ஒன்றுக்காக எங்கள் பணிமனைக்கு எழுதினார். சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டம் பற்றியது. சாம்பல்தீவுப் பக்கம் இருநூற்று நாற்பது வீடுகளில் கேள்விப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலை எனக்கும் பூரணிக்கும் வந்தது.

பூரணி அந்தப் பகுதியின் குடும்பநல மாது. சனம் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். சாம்பல்தீவில் பிறந்தவர். பிள்ளை நிறுக்கும் தராசைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார். அதிகம் கதைக்கமாட்டார். கதைக்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படிவத்தில் பதினான்காவது கேள்வி, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறீர்களா என்பது. பத்து வீட்டில் ஒன்பது வீடு 'ஓம்' என்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினொரு வருட உழைப்பு வீண்போகவில்லை என்று பணிமனையில் எல்லோருக்கும் சொன்னேன். பூரணி படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, நீங்கள் போன வீடுகளில ஆறவைச்ச தண்ணிப் பானை எத்தனை கண்டனீங்கள்?"

நான் குசினி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. அப்படியானால் சனம் பொய் சொல்கிறதா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"பொய் இல்லை ஐயா. உங்களுக்கு மரியாதை தருகுதுகள். சேட்டைக் காற்சட்டைக்குள்ள விட்டுக்கொண்டு, பேனையோட வாசலில நிக்கிறீங்கள். உங்கட முகத்துக்கு நேர ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்?"

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் அவர் வேறொரு வேலையைத் தொடங்கிவிட்டார். படிவத்தில் இல்லாத வேலை. இருபது வீடுகளைத் தெரிந்தெடுத்து, வீட்டுக்கு ஒரு நாளாக, விடியற்காலையிலிருந்து பொழுதுபடும்வரை குசினியில் போய் உட்கார்ந்தார். யார் எப்போது என்ன குடிக்கிறார்கள் என்று கொப்பி ஒன்றில் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளும் லீவு நாட்களும் அதற்கே போயின. நீங்கள் இருக்கிற நாளில் மட்டும் சனம் தண்ணீரைக் கொதிக்கவைக்காதா என்று கேட்டேன். முதல் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைப்பார்கள் என்றார். பிறகு சோறு பொங்கும், பிள்ளை அழும், மிஸ்ஸி இருப்பது மறந்துபோகும். அதோடு அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவரும் அல்ல. கீரை ஆய்ந்து கொடுப்பார், அரிசியில் கல் பொறுக்குவார்.

ஆறு கிழமை கழித்துக் கொப்பியை என் மேசையில் வைத்தார். இருபது வீட்டில் மூன்று வீடுதான் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்தது. அது நான் எதிர்பார்த்ததுதான், அதற்குள் என் பெருமையும் வடிந்திருந்தது. நான் எதிர்பார்க்காதது அடுத்த பக்கத்தில் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் பால் விடாத வெறுந்தேத்தண்ணி வைத்தார்கள். விறகு பஞ்சம் என்று தண்ணீர் கொதிக்கவைக்காத அதே கை, தேத்தண்ணிக்கு யோசிக்காமல் அடுப்பு மூட்டியது. பிள்ளைகளுக்கும் ஆற்றிக் கொடுக்கும் வீடுகளில் வயிற்றோட்டம் குறைவாக இருந்தது போலத் தெரிந்தது. 'போல' என்ற சொல்லுக்குக் கீழே அவரே கோடு போட்டிருந்தார். இருபது வீடு ஒன்றுக்கும் காணாது என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தார்.

அதைக் கொழும்புக்கு அனுப்பினோம். வைத்தியரிடமிருந்து மரியாதையான ஒரு பதில் வந்தது. வருகிற வருடம் இருநூறு வீடுகளில் இதைச் செய்து பார்ப்போம் என்று எழுதியிருந்தார்.

வருகிற வருடம் வேறு விதமாக வந்தது.

தொண்ணூறு தொடக்கத்தில் இந்திய இராணுவம் மூட்டை கட்டத் தொடங்கியது. சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் பயந்தார்கள். பூரணி என்னிடம், சனம் திரும்பவும் ஓட வேண்டி வந்தால் நகரத்தில் எங்கே போய் இருக்கும் என்று கேட்டார். யோசித்து, மதில் உயர்ந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். அடுத்த நாளே போய் அதன் இரண்டு கிணறுகளையும் பார்த்துவிட்டு வந்தார். மலகூடத்துக்குக் கிட்ட இருக்கும் கிணற்றைக் குளிக்க மட்டும்தான் விட வேண்டும் என்று சொன்னார், நாளைக்கே சனம் வரப்போவது போல.

ஏன் இப்போதே இதெல்லாம் என்று கேட்டேன். எண்பத்தைந்துக் கலவரத்தில் ஓடியபோது ஒரு கோயில் மண்டபத்தில் அவருடைய அக்காவின் பத்து மாதப் பிள்ளை மூன்று நாள் வயிற்றோட்டத்தில் செத்ததை அப்போதுதான் சொன்னார்.

"மருந்து இல்லாமல் இல்லை ஐயா. முதல் நாள் என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை. நானும் அங்கதான் நிண்டனான்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அபூதாஹிர் என்றொருவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்க இரண்டு பெரிய சமையல் கிடாரங்களும் அவரிடம் இருந்தன. பூரணி அவரிடம் போய், சண்டை வந்தால் கிடாரங்களைத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். அவர் சிரித்து, சண்டை வந்தால் நான் முதல் லோஞ்சுப் படகில் ஓடியிருப்பேன் என்றாராம். அப்படியானால் ஓடும்போது கடைப் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டுப் போங்கள் என்றாராம் இவர். கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனி மாதம் இலங்கை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. மூன்றாம் நாள் காலை அபூதாஹிர் பெண்சாதி பிள்ளைகளோடு கிண்ணியாவுக்குப் புறப்பட்டவர், நகரத்தில் பூரணி தங்கியிருந்த வீட்டு வாசலுக்கு வந்தார். நானும் அங்கே நின்றேன். திறப்பை நீட்டினார்.

"தேயிலைப் பெட்டி மேல் தட்டில இருக்கு மிஸ்ஸி. கிடாரம் கரி பிடிச்சாப் பரவால்ல, ஓட்டை மட்டும் விழ விட்டுராதீங்க."

குடும்பத்தோடு இறங்குதுறைப் பக்கம் நடந்தார். அந்த நாட்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, அந்தத் திறப்பின் பாரமும் தெரியும்.

நான் சொன்ன அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் சனம் வந்தது. ஆயிரத்து எண்ணூறு பேர். வகுப்பறை முழுக்கப் பாய், மூலைக்கு மூலை மூன்று கல் அடுப்பு. பணிமனையில் குளோரின் முடிந்திருந்தது. நான் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போய் என் வசனத்தைச் சொன்னேன். முன்னால் இருந்த ஒரு மனுசி, சோறு காய்ச்சவே விறகில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அதுதான்.

சனம் வந்த நாலாம் நாள் பிள்ளைகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. ஐந்தாம் நாள் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று செத்தது. அன்று மத்தியானம், ஊரடங்கு தளர்ந்த இரண்டு மணித்தியாலத்துக்குள், பூரணியும் நானும் கைவண்டியில் கிடாரங்களையும் தேயிலைப் பெட்டியையும் கொண்டுவந்து சேர்த்தோம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பசித்த பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுப்பதா, மேலே இருப்பவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றேன். தேத்தண்ணி சாப்பாடு இல்லை என்று தனக்கும் தெரியும் என்றார். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால்தான், வயிற்றால் போகிற பிள்ளைக்கு ஜீவனி உப்புத்தூள்தான், அதையும் கிடாரத்துச் சுடுதண்ணியை ஆறவைத்துத்தான் கரைப்போம் என்றார். மற்றவர்களுக்கு மெல்லிய சாயத்தில் தேத்தண்ணி. "தண்ணியைக் கொதிக்கவையெண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதுகளுக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்யவிடுவம்."

முந்நூறு அடுப்புகளுக்குப் பதிலாக ஒரு பெரிய அடுப்பு. அதற்குப் பொறுப்பாக அவர் தெரிந்தெடுத்த ஆளைக் கண்டு நான் திகைத்தேன். கமலாதேவி என்ற விதவை, முகாமிலேயே பெரிய சண்டைக்காரி. வந்த அன்றே மூன்று குடும்பத்தோடு கொழுவியவர். பூரணி அதற்காகத்தான் அவரைப் போட்டாராம். கழுவாத தகரப் பேணியைக் கிடாரத்துக்குள் விட ஒருவருக்கும் துணிவு வராது. அப்படியே நடந்தது. அகப்பையைக் கமலாதேவி தவிர வேறு கை தொடவில்லை. விறகுக்குப் பள்ளிக்கூட அதிபர் உடைந்த மேசைகளையும் வாங்குகளையும் தந்தார். நல்லதையும் எடுங்கோ என்று பிறகு அவரே சொன்னார்.

அடுப்பு மூட்டி ஆறு நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஏழாம் நாள் சீனி முடிந்தது.

வரிசை பாதியாகக் குறைந்தது. சனம் திரும்பவும் கிணற்றில் அள்ளிக் குடித்தது. எனக்குக் கோபம் வந்து ஒலிபெருக்கியைத் தேடினேன். பூரணி அன்று முழுவதும் ஒன்றும் செய்யவில்லை, மாமரத்தடியில் இருந்து சனம் எங்கே போகிறது, எங்கே கூடுகிறது என்று பார்த்தார். பின்னேரம் நாலு மணிக்கு கிராம அலுவலரான விதானையார் இரத்தினசிங்கம் மேடையடியில் வந்து நின்று, மற்ற முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை வாசித்தார். யார் எங்கே உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அது ஒன்றுதான். முகாமே அங்கே திரண்டது. கொதித்த தண்ணீருக்கு வராத சனம், ஒரு பெயருக்காக ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றது.

அடுத்த நாள் அடுப்பு மேடையடிக்குப் போனது. பூரணி விதானையாரிடம் கெஞ்சி, காலையிலும் ஒரு தரம் வாசிக்கச் செய்தார். காத்து நிற்கிறவர்களின் கையில் கமலாதேவி பேணியைக் கொடுத்தார். சீனி இல்லை என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. தன் மகனின் பெயர் கேட்ட ஒரு தாய் பேணியை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதுகொண்டே குடித்ததை நான் பார்த்தேன். பெயர் கேளாதவர்களும் குடித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பூரணி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்.

ஏழு கிழமை அந்த முகாம் இருந்தது. முதல் கிழமை அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். நாலாம் கிழமை ஒன்பது. கடைசிக் கிழமை இரண்டு. அந்த முதல் பிள்ளைக்குப் பிறகு அங்கே வயிற்றோட்டத்தில் ஒருவரும் சாகவில்லை.

கொழும்பு வைத்தியருக்கு அறிக்கை எழுத நான்தான் குந்தினேன். தேத்தண்ணி அடுப்பே நோயை நிறுத்தியது என்று முதல் வரியிலேயே எழுதினேன். பூரணி வாசித்துவிட்டு அந்த வரியை வெட்டச் சொன்னார். அடுப்பு மூட்டிய எட்டாம் நாளிலிருந்து கிணறுகளுக்குக் குளோரின் வந்ததையும் எழுதச் சொன்னார். சில குடும்பங்கள் முகாமை விட்டுப் போய் நெரிசல் குறைந்ததையும் எழுதச் சொன்னார்.

"அப்ப எதால குறைஞ்சதெண்டு சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது ஐயா. தெரியாதெண்டே எழுதுங்கோ. இதை நம்பி இன்னொரு முகாமில குளோரின் போடாமல் விட்டால் என்ன செய்யிறது?"

என் வேலைக்காலத்தில் பல பெரிய படிப்புப் படித்தவர்களோடு பழகியிருக்கிறேன். பாராட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது 'தெரியாது' என்று சொன்ன ஒருவரை அன்றைக்குத்தான் கண்டேன். அவர் சொன்னபடியே எழுதினேன்.

தொண்ணூற்றிரண்டில் வெருகல் பகுதிக்கு ஒரு குடும்பநல மாது தேவைப்பட்டார். ஆறு மாதமாக ஒருவரும் போகவில்லை, போகாததற்கு எல்லோரிடமும் நியாயமான காரணம் இருந்தது. பூரணி தானே எழுதிக் கேட்டுப் போனார். மூதூர் லோஞ்சு ஏற்றிவிட நான் இறங்குதுறைக்குப் போனேன். சோதனைச் சாவடியில் தராசைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் காட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டாகப் பூட்டினார். வெருகலில் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்றார். போய் ஒரு மாதம் சும்மா இருந்து பார்க்கப்போவதாகச் சொன்னார், அங்குள்ள சனம் காலையில் எழும்பினால் முதல் எங்கே போகிறது என்று.

லோஞ்சு புறப்பட்டபோது உள்ளே இருந்த பெண் ஒருத்தி தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டாள். அவர் அதன் எடையைக் கையாலேயே மதிப்பிடுவது எனக்குக் கரையிலிருந்து தெரிந்தது.