மூன்றரை அடி வாசல்

1

"அப்பா, பட்டறையில எனக்கு வேலை கொடுங்க."

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. குடும்பத்தின் முதல் பட்டதாரி கேட்டுவிட்டாள். "நான் கண்ணெரிய வெல்டிங் வச்சது நீயும் வந்து நிக்கிறதுக்கா? இனிமே கேக்காத," என்றார் அப்பா. கதை அங்கேதான் பிறந்தது. கேட்டவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். 'நான்' என்றால் எனக்கு நானே சலுகை காட்டிவிடுவேன்.

2

தீப்பொறிகள் பூக்களைப் போல

(அடித்துவிட்டேன். பொறி பட்டால் துணியில் ஓட்டை விழும். பூ அப்படியா?)

அவள் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறாள். சரிபார்த்தவை எங்கே போகின்றன என்று மூன்று வருடமாகத் தெரியாது. ஞாயிறுகளில், அப்பா வெளிவேலைக்குப் போனதும், பட்டறையில் பழைய இரும்பை ஒட்டிப் பழகினாள். பிறகு எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் பரணுக்கு ஒரு சுழல்படி செய்தாள்; துண்டுகளை வாராவாரம் வெட்டிப் பழைய இரும்போடு போட்டுவைத்து, கடைசி ஞாயிறு ஒன்றாக ஒட்டினாள். மேல்படியில் நின்று குதித்தாள். படி அசையவில்லை. அப்போது அவளுக்கு என்ன தோன்றியது என்று நான்கு முறை எழுதிப் பார்த்தேன். இறங்கி வந்து மறுபடி ஏறினாள் என்பதோடு விடுகிறேன்.

3

திங்கள் காலை. படி வெளியே வரவில்லை. அதன் அகலம் ஐந்தடி, பட்டறை வாசல் மூன்றரை. இரும்பை அளந்தாள், பரணை அளந்தாள். வாசலை அளக்கவில்லை.

"பட்டதாரி செஞ்ச படி பட்டறைய விட்டு வரமாட்டேங்குதே," என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. ஒட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். (அவர் கண் கலங்குவதாக ஒரு வரி இருந்தது. கலங்குகிற ஆளா அவர்? எடுத்துவிட்டேன்.)

"சுழல்படிய ரெண்டு துண்டாத்தான் செய்யணும். போற இடத்துல வச்சு ஒட்டணும். இதக்கூடக் கேட்டுத் தெரிஞ்சுக்கலையா?"

"கேட்டேனேப்பா. கேக்காதன்னீங்க."

4

முடிவுகள். ஒன்று: படியை நடுவில் அறுப்பது. இரண்டு: வாசலை இடித்து அகலமாக்குவது. மூன்று: அப்பா அவளை அணைத்து

(வேண்டாம்.)

"அறுத்துட்டு மறுபடி ஒட்டிக்கலாம்," என்றார் அப்பா. பிறகு நினைவு வந்தவராக, "ஆபீஸுக்கு நேரமாச்சு, கிளம்பு."

"கிளம்பிட்டேன். லெட்டர் கொடுக்கணும்."

"என்ன லெட்டர்?"

படியா சுவரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் யாரும் கைவைக்க முடியாது. அதை அவள் போன வாரமே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். கடிதம் இருந்த பையிலேயே அப்பாவின் அளவு டேப்பையும் போட்டுக்கொண்டு, அந்த மூன்றரை அடி வாசல் வழியாக வெளியே போனாள்.