பாதியில் நின்ற பந்து

1962 ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், குஞ்சம்மாள் உதைத்த பந்து கோலுக்கு இரண்டு முழம் முன்னால், ஆள் உயரத்தில், காற்றில் நின்றது. அடுத்த ஆறு வருஷம் அங்கேயேதான் இருந்தது. நிறுத்தியவர் நடுவர் தனகோட்டி. செஞ்சி வேர்க்கடலை மில்லில் தொலி புடைக்கும் பெண்கள், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அனந்தபுரத்துப் பெண்களோடு ஆடிய முதல் ஆட்டம் அது. ஊர்க் கால்பந்து கிளப்பின் அந்த மைதானத்துக்காக எட்டு மாதம் நடையாய் நடந்திருந்தார்கள். ஆட்டம் முடியப் பதினோரு நிமிஷம் இருக்கும்போது கிளப் தலைவர் ராஜகோபால் குடையோடு கோட்டருகே வந்து, "போதும், நிறுத்துய்யா. ஊரு மானம் போவுது" என்றார். தனகோட்டி விசிலை ஊதிவிட்டார். "இன்னா சார் தப்பு?" என்று குஞ்சம்மாள் கேட்டதற்கு, "ஆஃப்சைடு" என்றார். அவளுக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் நின்றதை, அது ஆஃப்சைடே இல்லை என்பதை, தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

இனி பெண்களுக்கு மைதானம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். பந்துதான் போகவில்லை. ஜோடி மாடு கட்டி இழுத்தார்கள்; மாடுதான் மண்டி போட்டது. பிறகு ஊர் பழகிக்கொண்டது. ஆண்கள் அதைச் சுற்றிக்கொண்டு ஆடினார்கள், காக்கை உட்கார்ந்தது, ஐப்பசியில் தண்ணீர் சொட்டியது. ராஜகிரிக் கோட்டை ஏற வந்த வெளியூர்க்காரர்கள் கேட்டால், "அதுவா, பொம்பளைங்க பந்து" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். தனகோட்டிக்குத்தான் பழகவில்லை. ஆட்டத்தை முடிக்கும் நீண்ட விசிலை அவர் அன்று ஊதவே இல்லை. பந்து எதற்காகக் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடைவீதியில் எல்லோரும் எப்போதும்போல வணக்கம் வைத்தார்கள், அதுவே அவரைக் கூசவைத்தது. மில் சங்கு ஊதினால் சந்துக்குள் திரும்பிவிடுவார். கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்துகொண்டார், தாடையெல்லாம் வெட்டு.

1968 ஆடியில், பட்டப்பகலில், நடுவரின் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மில் வாசலில் போய் நின்றார். "அது ஆஃப்சைடு இல்லம்மா. பயந்துட்டேன். பொய் சொன்னேன்." குஞ்சம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் சார். ஊதன எடத்துல வந்து சொல்லுங்க" என்றாள்.

பாதியில் நின்ற ஆட்டத்துக்கு மறுபடி மைதானம் கேட்க வேண்டியதில்லை என்று தனகோட்டி சொன்னபோது ராஜகோபால் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஞாயிறு மைதானத்தில் ஊரே பார்க்க, தான் சொன்னது பொய் என்று தனகோட்டி சொன்னார். முதல் முறை யாருக்கும் கேட்கவில்லை, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு ஊர்ப் பெண்களும் இடுப்புப் பிள்ளைகளை ஓரத்தில் இறக்கிவிட்டு, அன்று நின்ற இடங்களில் போய் நின்றார்கள். அவர் ஊதினார். பந்து விட்ட வேகத்திலேயே கிளம்பியது. அது எங்கே வரும் என்று யோசிக்க ஆறு வருஷம் கிடைத்திருந்த அனந்தபுரத்து கோல்கீப்பர் ஹுசைன் பீ, பாய்ந்து அதைக் கோலுக்கு வெளியே தட்டிவிட்டாள். குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. தனகோட்டி தலை நிமிராமலேயே மூலைக்கொடியைப் பார்த்து, கார்னர் உதை என்று கை காட்டினார். இந்த முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.