ஓங்கோல் பந்தய நேரலை

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சந்தொன்றில், ஹுமாயூன் வீட்டு மொட்டைமாடியில் நாற்பது பந்தயப் புறாக்கள் இருந்தன. அவன் தங்கை ஹஃப்சா அவற்றுக்கு ஒருநாளும் தீனி போட்டதில்லை. அவளுக்குக் கண்டெய்னர் கம்பெனி ஒன்றில் வேலை. ஆனால் புறா கிளப் செயலாளர் செல்வநாதன், ஓங்கோல் பந்தயத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டுவது என்று முடிவெடுத்தபோது, அண்ணனை விட்டுவிட்டு நேராகத் தங்கையிடம்தான் வந்தார்.

காரணம், போன வருஷம் சித்தி மகள் நிக்காஹைத் தன் போனில் நேரலையாகக் காட்டியவள் அவள்தான். அது ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி அமையவில்லை. படம் பளிச்சென்று வந்தது. ஆனால் சவுதியில் தம்மாமில் இருந்த சொந்தக்காரர்களுக்கு மேடையோரம் நின்ற ஃபேனின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. யாரோ ஃபேனை நிறுத்தியதும் கேட்டது, மாப்பிள்ளை வீட்டார் போட்ட நகையைப் பற்றி ஒரு பெரியம்மா சொன்ன அபிப்பிராயம். அந்த மனத்தாங்கல் தீர வெகுநாள் ஆயிற்று. படம் மங்கினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் கெட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்று ஹஃப்சாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் பிறகு சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் இரண்டு வாங்கி வைத்தாள்.

புறாப் பந்தயத்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் அவளுடைய முதல் கவலை. விடிந்ததும் எல்லாருடைய புறாக்களையும் ஆந்திராவில் உள்ள ஓங்கோலில் லாரியிலிருந்து ஒன்றாகத் திறந்துவிடுவார்கள். அவை தத்தம் வீட்டுக்குப் பறந்து வரும். வந்தால் மட்டும் போதாது, கூண்டுக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் பிடித்து, காலில் போட்ட ரப்பர் வளையத்தைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் எண்ணை கிளப்புக்கு அனுப்ப வேண்டும். அந்த எண் போய்ச் சேரும் நேரம்தான் கணக்கு. அதுவரைக்கும் காட்ட வெறும் வானம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தாள். வைஃபை மாடிக்கு எட்டவில்லை. ரவுட்டரை நீள ஒயரோடு மாடிப்படி வரைக்கும் தூக்கி வந்தாள். ஒரு மைக்கைத் தன் துப்பட்டாவிலும் இன்னொன்றைக் கூண்டுக் கம்பியிலும் மாட்டினாள். புறா நுழைகிற இடம் முகத்துக்கு நேரே தெரியட்டும் என்று போன் ஸ்டாண்டைக் கூண்டு வாசலில் புறா இறங்கும் பலகைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் போன் வெயிலில் கொதித்து அணைந்துபோனது. கீழே போய்ப் பெரிய கறுப்புக் குடையை எடுத்துவந்து ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு போன் அணையவில்லை. கூண்டிலிருந்த புறாக்கள் முதலில் ஒதுங்கின, சாயங்காலத்துக்குள் குடை நிழலிலேயே வந்து நின்றன. ஹுமாயூனும் பார்த்துவிட்டுச் சரியென்றான்.

ஞாயிறு காலை நேரலை தொடங்கியபோது நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். செல்வநாதன் நாற்காலியில் அமர்ந்து கிளப்பின் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதிப்பேர் போய்விட்டார்கள். ஹஃப்சா அவரை மெல்ல நிறுத்தி, பருந்து துரத்தினால் புறா என்ன செய்யும் என்று கேட்டாள். அதற்கு அவரிடம் சுவையான பதில் இருந்தது. அதற்குள் அவருக்கு வேறொரு வீட்டிலிருந்து போன் வர, கீழே இறங்கிப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் ஹஃப்சாவே பேசினாள். புறாவைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. அதனால் தெரியாததை அண்ணனிடமே கேட்டாள். அவன் வானத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னதைப் பார்ப்பவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். குவைத்திலிருந்து தவ்ஃபீக் என்று ஒருவர், இந்த ஊரை விட்டுப் போகுமுன் புறா வளர்த்தவராம், கேள்விமேல் கேள்வியாக எழுதினார். எண்ணிக்கை ஏறியது. வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருநூறு பேர் உட்கார்ந்திருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு ஹுமாயூன் சட்டென்று எழுந்து நின்றான். வடக்கே ஒரு புள்ளி. அது பெரிதாகி, அவனுடைய நீலப்பட்டைப் பெட்டையாகி, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. கிளப்பில் வேறு யாரும் அதுவரை எண் அனுப்பவில்லை. ஹுமாயூன் தீனி டப்பாவை ஆட்டினான். பெட்டை பலகைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஹுமாயூன் டப்பாவை ஆட்டினான், விசிலடித்தான். அது கழுத்தை நீட்டிப் பார்த்ததே தவிர அசையவில்லை. இவ்வளவு தூரம் பறந்து வந்துவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிற புறாவா என்று ஒருவர் எழுதினார். பழக்காத புறா என்றார் இன்னொருவர். ஹஃப்சா புறாவின் கழுத்து நீண்ட பக்கம் பார்த்தாள். புறா கூண்டைப் பார்க்கவில்லை. குடையைத்தான் பார்த்தது.

மற்ற புறாக்கள் குடையோடு பழகிவிட்டன. இது வெள்ளிக்கிழமையே லாரி ஏறிப் போனது. இதற்கு அந்தக் குடை புதிசு.

"அண்ணே, குடையப் பாத்துதான் பயப்புடுது. நான் எடுத்துடுறேன்."

"ஆடாத. நீ எழுந்தன்னா அது பறந்துடும்."

"இது இங்க கீற வரைக்கும் அது எறங்காதுண்ணே."

அவன் மறுபடி டப்பாவை ஆட்டினான். மூன்று மணி நேரமாக எல்லாரும் காத்திருந்தது இந்தப் பலகையில் புறா இறங்குவதைப் பார்க்கத்தான். ஹஃப்சா தயங்கியது ஒரு கணம்தான். தரையோடு தரையாக நகர்ந்து போய், குடையை ஓசைப்படாமல் மடக்கினாள். ஸ்டாண்டை அப்படியே படுக்கவைத்தாள். போன் குப்புறக் கிடந்தது. நேரலையில் படம் இருண்டது.

ஆனால் கம்பியில் மாட்டிய மைக் அங்கேயே இருந்தது. டப்பாவில் சோளம் குலுங்குவது கேட்டது. ஹுமாயூன் அடிக்குரலில் வா, வா என்றது கேட்டது. நெடுநேரம் வேறெதுவும் இல்லை. பிறகு சிறகு படபடத்தது. பலகையில் நகங்கள் கீறின. கூண்டு வாசலில் தொங்கும் கம்பிகள் கிலுங்கி மூடிக்கொண்டன. வளையத்தைக் கழற்றும்போது ஹுமாயூன் இரைத்த மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது.

எண்ணை அனுப்பிவிட்டுப் பார்த்தால், அதற்குள் திருவொற்றியூரிலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் எண்கள் வந்திருந்தன. ஓங்கோலிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள தூரத்தையும் கணக்குப் போட்டு மூன்றாமிடம் என்று செல்வநாதன் கீழிருந்தே கத்திச் சொன்னார். ஹுமாயூன் புறாவை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றான்.

ஹஃப்சா போனை நிமிர்த்தினாள். நேரலையை விட்டு யாரும் போயிருக்கவில்லை. ஆனால் புறாவைக் குறை சொல்லும் வரிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தன. அவள் போனைத் தன் பக்கமாகத் திருப்பினாள். காலையிலிருந்து அவள் முகத்தைக் காட்டவே இல்லை.

"புறா லேட்டா உள்ள போனதுக்கு நான்தான் காரணம்," என்றாள். "போன் சூடாவக் கூடாதுன்னு குடை கட்டுனேன். அது வூட்ட வுட்டுப் போவசொல்ல குடை இல்ல. திரும்பி வந்து பாத்தா வாசல்ல கறுப்பா இன்னாவோ நிக்கிது. எந்தப் புறாவும் எறங்காது. அது சரியாத்தான் வந்துச்சு, மொதல்ல வந்துச்சு."

சுவரோரம் நின்ற ஹுமாயூனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். புறாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, இன்னும் ஒன்று வரவேண்டியிருக்கிறது என்று வானத்தைப் பார்க்க உட்கார்ந்தான்.

இரண்டாவது புறா வந்தபோது அவள் போனைக் கையில் பிடித்தபடி மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். படத்தில் புறா சின்னதாகத்தான் தெரிந்தது. இறங்கியது, நேராக உள்ளே போனது. தவ்ஃபீக் வரிசையாகக் கைதட்டல் அனுப்பினார்.

சாப்பாட்டின்போது அண்ணன் மீன் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். சாயங்காலம் செல்வநாதன் வந்து, அடுத்த மாதம் விஜயவாடா பந்தயத்தையும் இங்கிருந்தே காட்டலாமா என்று கேட்டார். கதவோரம் நின்று எடுக்கிறேன், கிட்டே போகமாட்டேன் என்றாள் ஹஃப்சா.

"குடையோட கூண்டாண்டயே வெச்சுக்க," என்றான் ஹுமாயூன். "ஆனா இன்னிக்கே வெச்சுடு. அதுங்க பாத்துப் பழகட்டும்."

அவள் ஸ்டாண்டை எடுக்க எழுந்தாள். அவன் தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படியேறினான்.