மலைக்கு லீவு கிடைத்தது

சேரம்பாடிக்கு மேலே, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் பின்புறம் நிற்கும் மலை முதல்முறை லீவு கேட்டபோது, வேலை வாங்கும் மேஸ்திரி அருள்ராஜ் தரவில்லை. மண் சரிவது முன்கூட்டியே தெரியட்டும் என்று அந்த மழைக்காலத்தில்தான் தேயிலைக்கு நடுவே சென்சார் கம்பங்களை நட்டிருந்தார்கள். மண்ணின் ஈரமும் நகர்வும் மேஸ்திரியின் போனுக்கு மெசேஜாக வரும். ஆபத்தென்றால் அவர் 'சரி' என்று பதில் அனுப்ப, கம்பங்களில் சைரன் அலறும். வெறும் எண்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் ஒருநாள், "ரொம்பக் காலமா நிக்கிறேங்க. ரெண்டு நாள் லீவு வேணும்" என்று வந்தது. மரியாதையாகத்தான் கேட்டிருந்தது.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். லீவில் போனவர்களை எஸ்டேட்டில் திரும்பக் கூப்பிடுவதில்லை. அதனால் யார் கேட்டாலும், அவர்கள் நல்லதுக்கென்றே நினைத்து, "லீவு கிடையாது" என்பார் அருள்ராஜ். பழக்கதோஷம், மலைக்கும் அதையே அனுப்பினார். மற்ற ஆட்களைப் போலவே மலையும் எதிர்த்துப் பேசாமல் நின்றது. மறு வருஷமும் கேட்டது, மறு வருஷமும் நின்றது. அதற்கடுத்த ஆடியில் லைன் வீட்டுச் சுவர்களில் கை நுழையும் அளவுக்கு விரிசல். "முட்டி விட்டுப்போச்சு. இன்னிக்கு சாயங்காலத்துக்கு மேல முடியாதுங்க" என்று மெசேஜ் வந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் அருள்ராஜ் அதை வாய்விட்டுப் படித்தார். கடைசி வீட்டு மூக்கம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"குடுத்துருங்க மேஸ்திரி. எம் பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்ப நானும் இப்பிடித்தான் கேட்டேன். கெடையாதுன்னீங்க. கொழுந்தெடுக்கப் போனேன். திரும்பி வந்தா புள்ள இல்ல."

"உனக்கு வேலை போயிரக் கூடாதுன்னுதாம்மா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போனைத் திறந்தார். 'சரி, போய்ட்டு வா' என்று மலைக்கு அனுப்பினார்.

எல்லாக் கம்பங்களிலும் சைரன் அலறியது. ஜனங்கள் குழந்தைகளையும் ரேஷன் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கடைசி ஆள் போய்ச் சேரும்வரை மலை பொறுத்திருந்தது. பிறகு, நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் போல மெல்ல இறங்கி, காலி வீடுகளின் மேல் படுத்தது. வீடுகள் நொறுங்கின, ஓர் உயிர்கூடப் போகவில்லை. மூக்கம்மா மட்டும் தாங்காமல் அழுதாள். வீட்டுக்காக இல்லை என்றாள்.

இரண்டு நாளும் மலையின் குறட்டை பந்தலூர் வரை கேட்டது. அடுத்த நாள் காலை ஃபேக்டரி சங்கு ஊதியதும் அது எழுந்து தன் இடத்தில் போய் நின்றது. அலுப்பு தீர்ந்த மாதிரித் தெரியவில்லை. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு அதன் மேல் ஏறினார்கள்.