பெரியப்பா மன்னித்த கடன்

இரும்புக்கடைப் பெரியப்பா வட்டி வாங்குவதில்லை. சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது என்று வேதத்தில் இருப்பதால், அந்த வார்த்தை காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுவார். தம்பி மகளான ரொட்டிக்காரிக்கு, இடிந்த அடுப்பைக் கட்ட ஐம்பதாயிரம் கொடுத்தபோதும் வட்டி கேட்கவில்லை. மாதம் மூவாயிரம் 'நன்றிக் காணிக்கை' மட்டும் கேட்டார். ஈடாக அவளுடைய மாவு பிசையும் மிஷினை, நான்கு ஆட்களை வைத்துத் தூக்கிப் போய், ஆலயத்துக்கு எதிரே தன் கிடங்கில் பூட்டினார்.

இரண்டு வருடம் அவள் கையாலேயே பிசைந்தாள். தினம் நாற்பது கிலோ மாவு. ஒவ்வொரு உருண்டையிலும் பெரியப்பாவின் மூஞ்சியைப் பார்த்தால் வேலை சுருக்காக முடிந்தது. கோபம் எதுவும் வீண்போகவில்லை. எல்லாம் கையில் போய்ச் சேர்ந்தது. தையல்காரர் அவள் புஜத்தை அளக்க இரண்டு நாடாக்களை முடிச்சுப் போட்டார். போதகர் ஒருமுறை கைகுலுக்கிவிட்டு, அடுத்த இரண்டு ஞாயிறும் இடதுகையால் ஆசீர்வதித்தார்.

இருபத்திரண்டு மாதம் தவறாமல் கட்டினாள். அறுபத்தாறாயிரம் போன பிறகும் ஐம்பதாயிரம் கல்லுப்பிள்ளையாராட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மகளுக்குக் காய்ச்சல் கண்ட கடைசி இரண்டு மாதம்தான் கட்டவில்லை.

சபைப் பொருளாளர் தேர்தலில் பெரியப்பா நின்றார். அதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை நடுவில் எழுந்தார். கர்ச்சீப் தயாராக இருந்தது.

"என் தம்பி பொண்ணு எனக்குத் தர வேண்டிய ஐம்பதாயிரத்தையும் ஆண்டவர் முன்னால மன்னிச்சுட்டேன்!"

கைதட்டலில் மேலே ஃபேன் ஆடியது. "சாட்சி சொல்லும்மா" என்றார் போதகர். ரொட்டிக்காரி எழுந்தாள்.

"ரொம்ப சந்தோஷம் பெரியப்பா. அப்ப மிஷினை இன்னைக்கே எடுத்துக்கறேன்."

"அதெப்படிம்மா? கடனைத்தானே மன்னிச்சேன்? ரெண்டு மாசக் காணிக்கை நிக்குதே. அது ஆண்டவர் காசு. அதை மன்னிக்க நான் யாரு?"

"முன்னாடி கட்டின அறுபத்தாறாயிரம் ஆண்டவர் காசு எங்க?"

போதகர் உண்டியலைப் பார்த்தார். உண்டியலுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"என் கல்லாவுல பத்திரமா இருக்கு. அவருக்காக நான்தான் பாத்துக்கறேன்" என்றார் பெரியப்பா.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தாள். கிடங்கில் தொங்கியது அவர் கடைப் பூட்டு, பத்து வருட உத்தரவாதம். அதை உள்ளங்கையில் வைத்து நாலு பிசை பிசைந்தாள். சப்பாத்தியாகிக் கீழே விழுந்தது. மிஷினைப் பச்சைப்பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"திருடி! சொந்த ரத்தமே திருடுது! போலீஸைக் கூப்பிடுவேன்!" போனை நீட்டிக்கொண்டு பெரியப்பா ஓடி வந்தார்.

"கூப்பிடுங்களேன். மிஷினை எதுக்குப் பூட்டி வச்சீங்கன்னு அவங்ககிட்டயும் ஒரு சாட்சி சொல்லுங்க."

போன் மெதுவாகப் பைக்குள் போனது. சபை முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அவரைப் பார்த்துத் தட்டின கைகளையெல்லாம் நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் எரிந்தது.

சாயங்காலம் போதகர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்கு வந்தார். மிஷின் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் மிச்சமிருந்ததால் அவள் இன்னொரு பக்கம் கையாலும் மாவை அறைந்துகொண்டிருந்தாள்.

"பெரியப்பா மனசு ஒடிஞ்சு போயிட்டார்ம்மா. விசுவாசக் குடும்பத்துப் பொண்ணு நீ. அவரை மன்னிச்சுடு."

அவள் மாவை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். அலமாரியில் ரொட்டிகள் துள்ளி உட்கார்ந்தன.

"மன்னிச்சுட்டேன் ஐயா. வட்டியெல்லாம் வேண்டாம். மாசம் மூவாயிரம் நன்றிக் காணிக்கை மட்டும் தவறாம கட்டச் சொல்லுங்க."