எழுபத்தெட்டு வரை ஈரம்

கடலுக்கு அப்பால் எவனோ எவன்மேலோ குண்டு போட்டான். அடிபட்டவனிடம் யாரும் எண்ணெய் வாங்கக் கூடாதென்று மூன்றாவது ஒருவன் தடை போட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு இந்தப் பெட்ரோல் பங்க்கில் ‘டீசல் இல்லை’ என்ற அட்டை தொங்கியது.

மாட்டியவள் கோல்காரி. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது, தினமும் நிலத்தடித் தொட்டிக்குள் பித்தளைக் கோலை இறக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதென்று பார்த்து எழுதும் வேலை. இன்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர். அரைத் தொட்டிச் சரக்கு, போன வாரம் பழைய விலைக்கு வந்தது.

“இருக்கே முதலாளி?” என்று கேட்டுத்தான் பார்த்தாள்.

“நாளைக்கு விலை ஏறுதாம். இன்னிக்கு வித்தா நான் கேனையன்.”

“ஏறினா பழைய சரக்குக்கும் புது விலை. இறங்கினா மட்டும் புதுச் சரக்குக்கும் பழைய விலை. சண்டை என்ன நம்ம தொட்டிக்குள்ளயா நடக்குது?”

“படிச்ச திமிரை வீட்ல காட்டு. இங்க வேலை வேணும்னா அட்டையை மாட்டு.”

வீட்டில் உலை கொதிப்பது இந்தச் சம்பளத்தில். மாட்டினாள்.

பதினொரு மணிக்கு அவள் சித்தப்பா ஓட்டும் வேன் இருமிக்கொண்டே வந்து நின்றது. உள்ளே, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போகும் மூன்று பேர். பன்னிரண்டுக்கு அவர்கள் முறை. தவறினால் இன்று இயந்திரம் கிடைக்காது.

“நெசமாவே இல்லையாம்மா? மூணு பங்க் ஏறி இறங்கிட்டேன். முள்ளு அடியைத் தொட்டுடுச்சு.”

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து முறைத்தார். வேனின் ஜன்னலில் முகம் வீங்கிய ஒரு பெண், “கொஞ்சூண்டு ஊத்தினாக்கூடப் போதும் பாப்பா” என்றாள், யாசகம் கேட்பதுபோல.

கோல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய்த் தொட்டி மூடியைத் திறந்தாள். கோலை இறக்கி, எடுத்து, சொட்டச் சொட்ட அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

எப்படியும் சரக்கு வருமென்று வரிசையில் காத்து நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். “அடேங்கப்பா! இல்லாத டீசலே இம்புட்டு நனைக்குதே, இருந்தா முழுகிடுவோம் போல!”

அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. முதலாளி வியர்க்க வியர்க்க ஓடிவந்தார். “ஊத்து, ஊத்தித் தொலை! நாளைலேருந்து இந்தப் பக்கம் தலை காட்டாத!”

வேனுக்குத்தான் முதலில் ஊற்றினாள்.

“வேலை போச்சேம்மா...” என்றார் சித்தப்பா.

“அதை அப்புறம் அழுதுக்கலாம். மணி பதினொண்ணரை. வண்டியை எடுங்க.”

வேன் சாலையில் ஏறி மறைந்ததும், துடைக்காத கோலை முதலாளியின் நாற்காலியில் சாய்த்துவிட்டு வெளியேறினாள்.